சாவகாசம்: நாகபுரியில் மூன்று நாள் மோட்டார் சைக்கிள் பயிற்சி

நாகபுரி நம் நாட்டின் நடுப்பகுதியில் அமைந்த நகரம். நான்கு குதிரைச் சிலைகளுடன் இங்கே நிற்கும் 'ஜீரோ மைல்' கல்தூணை, இவ்வூருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்தினர் ஒரு முறையேனும் சென்று பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "இங்கிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதும் வழக்கம். இருப்புப் பாதை வழியாகச் சென்னைக்கு ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர். சாலை வழியாகச் செல்ல விரும்புவோர் வழி கேட்கவே வேண்டியதில்லை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாகபுரியைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. வார்தா சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால் அந்த நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். அதை விடாமல் சென்றால் சேலமும் நாமக்கல்லும் கரூரும் மதுரையும் தாமாகவே வந்து சேரும்.

மகாராஷ்டிரச் சாலைகளில், வளைவுகளின் அருகிலும் பள்ளிக்கூடங்களின் அருகிலும் ஓர் அறிவிப்பைக் காணலாம். 'வாஹனே சாவகாஷ் சாலவா' என்பது அது. வண்டிகளை மெதுவாக ஓட்டுங்கள் என்று பொருள். மராத்தி அறியாத தமிழரும் அதன் நடுச்சொல்லை அறிவர். "அவசரம் ஒன்றுமில்லை, சாவகாசமாக வாருங்கள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இச்சொல்தான். வடமொழியிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்த சொல் இது. அவகாசம் என்றால் இடைவெளி. இடத்தின் இடைவெளிக்கும் காலத்தின் இடைவெளிக்கும் அது பொருந்தும். அவகாசத்தோடு கூடியது சாவகாசம். இந்த ஒரு சொல்லின் பொருளை மூன்று நாள் ஒரு திடலில் நின்று நாங்கள் கற்றுக்கொண்டோம். அதைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இருசக்கர வண்டி இல்லாத வீடு அரிது. குடியிருப்பு அஜ்னியில், கடைத்தெரு சீதாபர்டியில், குழந்தைகளின் பள்ளி வேறொரு திசையில். இரவு டியூட்டி முடிந்து இரண்டு மணிக்கு வீடு திரும்புவோருக்கு வேறு வாகனம் கிடைப்பதும் அரிது. ஆகவே மாற்றலாகி வந்த சில மாதங்களில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒரு வண்டியை வாங்கிவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். லிட்டருக்கு எவ்வளவு ஓடும், பிற்பாடு விற்றால் என்ன விலை போகும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஓட்டக் கற்பதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும், ஒரு காலி மைதானமும், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர ஒரு மைத்துனரும் போதும் என்று எண்ணுகிறோம்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இத்தகைய கணக்குகளைச் செய்தித்தாளில் பார்க்கும்போது அது எங்கோ நடப்பதாகவே தோன்றும். ஆனால் சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்து அன்பர் ஒருவர், டியூட்டிக்குச் செல்லும் வழியில் வண்டி சறுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்து ஏழு வாரம் படுக்கையில் கிடந்தார். ஊரில் இப்படி நேர்ந்தால் அரை மணியில் அண்ணனும் மாமனும் வந்து நிற்பார்கள். இங்கே அவர் மனைவிக்கு மராத்தி தெரியாது, இந்தியும் அரைகுறைதான். செய்தி கேட்டவுடன் சென்னையில் ரயிலேறிய தம்பி வந்து சேர்வதற்கு மறுநாள் மாலையாயிற்று. அதுவரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவும், குழந்தைகளுக்குச் சோறு போடவும் சங்கத்துக் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டன. வெளியூரில் குடும்பம் நடத்துபவனுடைய கை கால்கள் அவனுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதை அந்த நாட்களில் எல்லோரும் உணர்ந்தோம்.

அதன் பின் நடந்த செயற்குழுக் கூட்டத்தில், நம்மவர் சிலர் முறையாகப் பயிற்சி பெற்று வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. நாங்கள் நால்வர் பெயர் கொடுத்தோம். இதை எழுதும் குமாஸ்தா ஒருவர். முப்பது வயதைத் தாண்டியும் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவர். கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர். பத்து ஆண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டுபவர். பள்ளி ஆசிரியை ஒருவர். சங்க உறுப்பினரின் மகனான கல்லூரி மாணவர் ஒருவர். எல்லோரும் எல்.எல்.ஆர். பெற்றோம். இந்தப் பயிலுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்த பிறகே நிரந்தர உரிமத்துக்கான சோதனைக்குப் போகலாம். அந்த முப்பது நாளைப் பலர் வெறும் காத்திருப்பாகக் கழிக்கிறார்கள். கற்பதற்கென்று சட்டம் கொடுத்த அவகாசம் அது என்பதை மறந்துவிடுகிறோம்.

பயிற்சித் திடல் ஊருக்கு வெளியே, வார்தா சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு பாதையில் இருக்கிறது. சுற்றிலும் வேப்ப மரங்கள். அப்பால் பருத்தி விளையும் கரிசல் நிலம்; கோவில்பட்டிச் சீமையைப் பார்த்தவர்களுக்கு அந்த மண்ணைக் கண்டதும் ஊர் நினைவு வரும். திடலில் சுண்ணாம்புக் கோடுகளும், ஆரஞ்சு நிறக் கூம்புகளும், பல பேர் கையில் பட்டுத் தேய்ந்த ஆறு மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. நாங்கள் சென்றது பிப்ரவரி மாதம். நாகபுரியில் மே மாதத்து வெயில் 45 டிகிரியையும் தாண்டுவதுண்டு. ஆதலால் கற்பதற்குப் பனிக்கால முடிவே ஏற்றது. பயிற்றுநர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மராத்தியர். எங்களைப் 'பாவ்' என்றும், ஆசிரியையைத் 'தாயி' என்றும் அழைத்தார். அண்ணன், அக்கா என்பதற்கு நிகரான சொற்கள் அவை. நாங்கள் அவரைச் 'சுபேதார் சாஹேப்' என்று அழைத்தோம்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் எஞ்சினையே கிளப்பவில்லை. முதலில் உடை. முழுக்கைச் சட்டை, தடித்த துணியில் கால்சட்டை, கணுக்காலை மூடும் காலணி, கையுறை. ஹெல்மெட்டை அணிந்து, தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதித்துப் பார்த்தார். தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. உள்ளே ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து அம்முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது குற்றமாயிற்று. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், பார்வைக்கு முழுதாக இருந்தாலும், மறுபடி உதவாது. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னார். திருப்பச் சொன்னார். சாய்த்து நிமிர்த்தச் சொன்னார். நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பொருள் எப்போது நம் பக்கம் விழ நினைக்கும் என்பதைக் கை முதலில் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதன் பின் கிளட்ச். கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் வண்டி முன்னே செல்லத் துடிக்கும். அந்த இடத்தை விரல்கள் கண்டுபிடிக்கும் வரை, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நாற்பது முறையேனும் போய் வந்தோம். இடையில் சிற்றுண்டிக்குத் தர்ரி போஹா கிடைத்தது. அவலின் மேல் காரமான கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றித் தரும் இந்த நாகபுரிப் பலகாரத்தை நம் பெண்மணிகள் வீட்டில் செய்து பார்க்கலாம். எங்களுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

மாலையில் ஒரு போட்டி நடந்தது. இருபது மீட்டர் தூரத்தைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். கடைசியில் வருபவரே வென்றவர். பொங்கல் விளையாட்டுகளில் நம் ஊர்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி நடத்துவார்கள் அல்லவா, அதே போட்டிதான். கல்லூரி மாணவர் ஐந்தே விநாடியில் அக்கரை சேர்ந்து தோற்றார். ஆசிரியை ஆடாமல் அசையாமல் எல்லோருக்கும் பின்னால் வந்தார். "வேகமாகப் போவதை எஞ்சின் செய்துவிடும். மெதுவாகப் போவதைத்தான் மனிதன் செய்ய வேண்டும்" என்றார் சுபேதார்.

இரண்டாம் நாள் பிரேக் பாடம். நம்மவர் பலர் முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகிறார்கள். பிடித்தால் குப்புறக் கவிழும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு முன் பிரேக்குக்கே உண்டு. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் வண்டி நெடுந்தூரம் சென்றே நிற்கும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கவும் கூடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஆரஞ்சுப் பழத்தைப் பிழிவதுபோல் வரவர அழுத்த வேண்டும். ஹாண்டில்பார் திரும்பியிருக்கும்போது அதைத் தொடவே கூடாது. கணக்குப் பிரிவு நண்பர், கூம்பைச் சுற்றித் திரும்பும் வேளையில் பழைய பழக்கத்தில் அதைப் பிடித்து, நடந்து செல்பவனுடைய வேகத்திலேயே புல்லில் சாய்ந்தார். முழங்கால் காப்பு இருந்ததால் காயம் ஒன்றுமில்லை. "மாமா, பத்து வருஷ அனுபவம்!" என்று மாணவர் சிரித்தார். நண்பரோ எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "திடலில் விழுந்தது நல்லதாயிற்று, வார்தா சாலையில் விழாமல் போனேன்" என்றார். புதிதாகக் கற்பவர்களைக் காட்டிலும் பழைய வழக்கத்தை மறக்க வேண்டியவர்களுக்கே பயிற்சி கடினம் என்பதை மூன்று நாளும் பார்த்தோம்.

பிறகு சுபேதார் தாமே வண்டியேறி, தரையில் ஒரு பாடம் எழுதிக் காட்டினார். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடித்தார். மூன்று மீட்டருக்குச் சற்று அப்பால் வண்டி நின்றது. 40 கிலோமீட்டரில் வந்து அதே கோட்டில் பிடித்தார். பன்னிரண்டு மீட்டர் தாண்டியே நின்றது. வேகம் இரு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. அன்றியும், கண் கண்டு மூளை அறிந்து கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடுகிறது. 60 கிலோமீட்டரில் 17 மீட்டர். அந்தத் தூரத்தை எந்த பிரேக்கும் மீட்டுத் தராது. 2019 ஏப்ரலில் வந்த விதியின்படி, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அமைப்பும், மற்றவற்றுக்கு இரு பிரேக்குகளும் இணைந்து வேலை செய்யும் அமைப்பும் வந்தன. அவை நல்ல துணையே. ஆயினும் பிரேக் பிடித்த பிறகுதான் அவற்றின் வேலை தொடங்கும். அதற்கு முன்னதான விநாடியை மனிதனே காக்க வேண்டும்.

எப்படிக் காப்பது? முன்னால் செல்லும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்தபின் மூன்று விநாடி கழித்தே நாம் அதே கம்பத்தைக் கடக்க வேண்டும். மழையில் அதை ஆறாக்க வேண்டும். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினால் அவசரத்தில் ஒரே விநாடியில் முடிந்துவிடுகிறது. அதற்கு எங்கள் நால்வருக்குள்ளேயே ஒரு வழி பிறந்தது. "விழுப்புரம் ஜங்ஷன், விருத்தாசலம் ஜங்ஷன், திருச்சிராப்பள்ளி ஜங்ஷன்" என்று வாய்விட்டுச் சொன்னால் சரியாக மூன்று விநாடி ஆகிறது. மழைக்காலத்தில் திண்டுக்கல், மதுரை, விருதுநகர் என்று மேலும் மூன்று ஜங்ஷன். சுபேதாரிடம் பொருளைச் சொன்னோம். வாய்விட்டுச் சிரித்து, அவரும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். விருத்தாசலம் மட்டும் அவர் நாவுக்கு அடங்கவில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மூன்று ஜங்ஷனுக்குள் வண்டி 33 மீட்டர் செல்லும். ஏறத்தாழ ஒன்றரை ரயில் பெட்டியின் நீளம் அது.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் புதுமை இல்லை. இரண்டு நிலையங்களுக்கு இடையே உள்ள பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம் என்பது நம்முடைய அடிப்படை விதிகளுள் ஒன்று. முன்வண்டி போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகே பின்வண்டிக்கு 'லைன் கிளியர்'. அந்த இடைவெளியைக் காப்பதற்கு எத்தனை பேர்! நிலைய அதிகாரி, பாயிண்ட்ஸ்மேன், கேட்மேன், 2022 முதல் 'டிரெயின் மானேஜர்' என்று பெயர் மாறிய கார்டு. எஞ்சினிலும் தனி ஆள் இல்லை. சிக்னலைக் கண்டதும் லோகோ பைலட் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல, உதவி லோகோ பைலட் தாமும் பார்த்துத் திருப்பிச் சொல்லுகிறார். அகலப் பாதையில் ஆளில்லாத லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. ரயிலில் ஒருவருடைய கண் தவறினால் மற்றொருவருடைய கண் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் சைக்கிளில் ஏறியவனுக்கு இத்தனை பேர் இல்லை. லைன் கிளியர் கொடுப்பவன், கேட்டைப் பார்ப்பவன், பின்னால் பார்க்கும் கார்டு, சிக்னலைத் திருப்பிச் சொல்லும் துணைவன் ஆகிய எல்லோரும் அவன் ஒருவனே. மூன்று நாளும் சுபேதார் கற்றுத் தந்ததைத் தொகுத்துப் பார்த்தால், இத்தனை பேருடைய வேலையையும் ஒருவனிடம் ஒப்படைக்கும் கல்வியாகவே அது தோன்றுகிறது. கண்ணாடியைப் பார், பின் தோளைத் திருப்பியும் பார். கண்ணாடிக்குத் தெரியாத மூலை ஒன்று உண்டு. போக வேண்டிய இடத்தைப் பார். பள்ளத்தையே பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். ஓடும்போது இடப்பக்கம் வளைய வேண்டுமானால் இடக்கையை மெல்ல முன்னே தள்ளு. எதிரில் காண்பதை வாய்விட்டுச் சொல்: 'பஸ் நிற்கிறது, ஆள் இறங்குவார்', 'பையன் பந்துக்கு ஓடுகிறான்'. சொல்லுகிற வாய் தூங்குவதில்லை.

மூன்றாம் நாள் சாலைக்குச் சென்றோம். ஒருவர் பின் ஒருவராக, நெருக்கமின்றிச் சென்றோம். கரிசல் வயலிலிருந்து ஏறிய டிராக்டர்கள் சாலையில் மண்ணை உதிர்த்திருந்தன. காய்ந்திருக்கும்போது அது புழுதி. மழை பட்டால் வெண்ணெய். வறண்ட நாட்களில் படிந்த எண்ணெயும் முதல் மழையில் மேலே மிதக்கும். அந்த முதல் அரை மணியே மிகவும் வழுக்கும். மழைக்கோடுகளையும் இரும்பு மூடிகளையும் ரயில் தண்டவாளங்களையும் சாய்ந்தபடி கடக்கக் கூடாது. தண்டவாளத்தை நேர்க்குத்தாகவே கடக்க வேண்டும். சரக்கு சைடிங்கின் அருகே குடியிருக்கும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

குடும்பத்தோடு செல்வோருக்குச் சில சொற்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டம். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் அவ்வாறே. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு வாரால் பிணைத்து, அதற்கேற்ற ஹெல்மெட் அணிவித்து, 40 கிலோமீட்டருக்கு மேற்படாமல் செல்ல வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் விதி வெளியிடப்பட்டு, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பின் சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் 'சாரி கார்டு' விதிப்படி இருக்க வேண்டியது. அழகுக்காக அதைக் கழற்றும் இளைஞர்கள் தாயாரின் முந்தானையை நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் ஒருவர் ஏறினால் வண்டி நிற்கும் விதமும் மாறும். ஆசிரியை தம் கணவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டியபோது, அந்த அன்பர் முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் வேப்ப மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் ஓட்டுபவன் தலையிலேயே சுமத்துவதும் முறையாகாது. நிலைய அதிகாரியின் வேலையில் ஒரு பங்கு வீட்டாரிடம் இருக்கிறது. வண்டியில் வருபவரைப் பாதி வழியில் தொலைபேசியில் அழைக்காமல் இருக்கலாம். பள்ளி மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது குழந்தையை ஏற்றிவிட்டு 'சீக்கிரம், சீக்கிரம்' என்று சொல்லாமல், கால் மணி முன்னதாகவே சீருடையை மாட்டலாம். இரவு டியூட்டி முடிந்து வருபவர் பத்து நிமிடம் பிந்தி வந்தால், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்காமல் காப்பியைக் கொடுக்கலாம். சாலையில் அவகாசம் வேண்டுமானால் வீட்டிலிருந்தே அதைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

அடுத்த வகுப்பு மழைக்காலத்துக்கு முன் தொடங்கும் என்று சுபேதார் சொல்லியிருக்கிறார். சேர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெண்மணிகளும் கொடுக்க வேண்டும். ஆசிரியை உடன் வந்து உதவ இசைந்திருக்கிறார். பல ஆண்டுகளாக வண்டி ஓட்டும் அன்பர்கள் முதலில் கொடுத்தால் இன்னும் நல்லது. முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் கொண்டுவர வேண்டும். வார்தா சாலையில் வரும்போது மூன்று ஜங்ஷன் இடைவெளி விட்டுச் சாவகாசமாக வாருங்கள்.